வழிப்போக்கனும் தேசப்படமும்

ஆவணி மாதத்து நண்பகலில் வன்னிக் காட்டினூடே நடந்து செல்லும் வழிப்போக்கன் ஒருவன் தன் கையிலுள்ள தேசப்படத்தை விரித்துப் பார்க்கிறான். அரை மைல் தொலைவிற் குளம் ஒன்று உண்டென்று படம் சொல்லுகிறது. கட்டும் அலைகரையும் தெளிவாக வரையப்பட்டு, நீல நிறந் தீட்டப்பெற்ற குளம் அது. குப்பியில் எஞ்சியிருந்த நீரைக் குடித்து முடித்துவிட்டு, அக்குளத்தை நோக்கி அவன் நடக்கிறான். அங்கே அவன் காண்பன வெடித்துக் கிடக்கும் சேறும், காய்ந்த தாமரைத் தண்டுகளும், மாடுகளின் குளம்புச் சுவடுகளுமே. படம் பொய் சொன்னதா? இல்லை. நிலஅளவையாளர் அளந்தது உண்மையான குளத்தையே. மார்கழியில் வந்து பார்த்தால் அதே இடத்தில் நீர் கரைமுட்டி நிற்கும். படம் பிழையற்றது, ஆயினும் அம்மனிதனுக்கு அவ்வேளையில் அது பயன்படவில்லை.

செம்மை வேறு, பயன் வேறு என்னும் இவ்வுண்மையே தேசப்படங்களைச் சோதிக்கும் முயற்சிக்கு அடிப்படையாகும். படத்திலுள்ள தூரங்களும் திசைகளும் சரியானவையோ என்று ஆராய்வது ஒரு வேலை. அப்படத்தைக் கையிற் கொண்டவன் போகவேண்டிய இடத்துக்குத் தீங்கின்றிப் போய்ச் சேருகின்றானா என்று ஆராய்வது மற்றொரு வேலை. முன்னதைக் கருவிகளும் கணக்கும் செய்து முடிக்கும். பின்னதையோ நடப்பவனுடைய காலடியைப் பின்பற்றி, அவன் எங்கே தயங்கி நிற்கிறான் என்று கண்டறிந்தே செய்தல் வேண்டும். தாளில் அச்சிட்ட படமாயினும் கைத்தொலைபேசித் திரையில் ஒளிரும் படமாயினும் இவ்விதி ஒன்றே.

வன்னிப் பெருநிலம் படத்துள் எளிதில் அடங்கிய நிலமன்று. 1660 ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட தம் நூலிலே இலங்கைப் படம் ஒன்றைச் சேர்த்தார். அப்படத்தில் வடபகுதிக் காட்டுநிலம் கயிலை வன்னியனுடைய நாடு என்ற ஒரே பெயராற் குறிக்கப்பட்டது. அந்நிலத்தின் குளங்களும் பாதைகளும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 1679 இல் அவர் தப்பிச் சென்றபோது வழிகாட்டியதும் படமன்று, ஓர் ஆறு. அநுராதபுரத்துப் பக்கத்திலிருந்து வடமேற்கே ஓடும் மல்வத்து ஓயா, தமிழர் அருவியாறு என்று வழங்கும் அந்த ஆறு, அரிப்புக்கு அண்மையிற் கடலோடு கலக்கின்றது. அதன் கரையை விடாது சென்ற அவரும் துணைவர் ஒருவரும் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். காட்டிற் செல்பவனுக்கு வேண்டியது நுண்ணிய விவரங்கள் நிறைந்த படம் அன்று. தவறவிட முடியாத நீண்ட அடையாளம் ஒன்றே என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இலங்கை நிலஅளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2 ஆம் நாள், தேசாதிபதி பிரெட்றிக் நோர்த் காலத்தில் நிறுவப்பெற்றது. பின்னர் ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிக் காட்டும் இடவிளக்கப்படத் தாள்கள் தீவு முழுவதற்கும் வரையப்பட்டன. மீற்றர் அளவை வந்தபின் 1:50,000 என்னும் அளவுத்திட்டத்தில், 92 தாள்களாகப் புதிய வரிசை எழுந்தது. இத்தாள்களின் பின்னே பல தலைமுறை நிலஅளவையாளரின் கால்நடை உழைப்பு உண்டு. அத்திணைக்களத்திற் பணியாற்றிய ஆர். எல். புரோகியர் இலங்கையின் பண்டைய நீர்ப்பாசன வேலைகளைப் பற்றி 1934, 1935 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூல், காடுமூடிக் கிடந்த குளங்கள் எத்தனை என்பதை உலகறியச் செய்தது.

இத்தகைய படத்தை மலைநாட்டில் விரித்துப் பார்ப்பவனுக்குச் சமவுயரக் கோடுகள் உற்ற துணையாகும். எதிரே தெரியும் சிகரத்தையும் இடப்புறத்துப் பள்ளத்தாக்கையும் கோடுகளோடு ஒப்பிட்டுத் தான் நிற்கும் இடத்தை அவன் அறிந்து கொள்வான். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையிலே இம்முறை பலிப்பதில்லை. நிலம் மெல்ல மெல்லவே சரிகின்றது. 20 மீற்றருக்கு ஒரு கோடு வரைந்தால் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் பல கிலோமீற்றர் நடக்கவேண்டி வரும். பாலையும் முதிரையும் வீரையும் அடர்ந்த காட்டில் இருபது யார் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரிவதில்லை. திசைகாட்டியை ஐந்து பாகை பிழைபடப் பிடித்தவன் ஒரு கிலோமீற்றர் நடக்குமுன் ஏறத்தாழ 87 மீற்றர் விலகிவிடுவான். அவ்வளவு விலகியவன் சிறு மோட்டை ஒன்றின் அருகாற் சென்றும் அதனைக் காணமாட்டான்.

ஆகவே, வன்னியில் நடப்பவனுக்குக் கண்கண்ட வழிகாட்டிகள் குளக்கட்டு, ஆறு, வாய்க்கால், வண்டிப்பாதை, கோயில் என்பனவே. கனகராயன் ஆற்றைப் பின்பற்றியவன் இரணைமடுக் குளத்தை அடைவான். குளக்கட்டில் ஏறியவனுக்குத் திசை தெளியும். வழிநடைக்கென வரையும் படம் இவற்றைத் தடித்த கோட்டாற் காட்டுகிறதா என்பதே இங்குக் கேட்கவேண்டிய முதற் கேள்வி. சில படங்களில் மாவட்ட எல்லை தடித்துத் தோன்ற, குளக்கட்டு மயிரிழைபோல மெலிந்து கிடக்கும். மாவட்ட எல்லை காட்டில் நிற்பவனுடைய கண்ணுக்குத் தெரிவதன்று. அன்றியும் முல்லைத்தீவு 1978 இலும் கிளிநொச்சி 1984 இலுமே தனி மாவட்டங்களாயின. அதற்கு முற்பட்ட தாளை வைத்திருப்பவன் காணும் எல்லைகள் இன்றைய எல்லைகள் அல்ல.

காலம் நிலத்தை மாற்றும். அச்சிட்ட தாளை அது மாற்றாது. வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் புகையிரதப் பாதை இதற்கு நல்ல சான்று. காட்டில் வழிதவறியவன் மேற்கே நடந்தாலும் கிழக்கே நடந்தாலும், குறுக்கே வரும் அப்பாதையைக் கொண்டு தன் இடத்தை உணரலாம் என்பது பழைய படத்தை நம்பியவர்களின் கணிப்பு. 1990 இற் புகைவண்டி நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, மண்மேட்டின்மேற் பற்றை எழுந்தது. 2013 செப்டெம்பரிற் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கும்வரை, படத்திலிருந்த கறுப்புக் கோட்டுக்கு நிலத்தில் இரும்பு இல்லை. போரினால் மக்கள் இடம்பெயர்ந்த ஊர்களிலும் இவ்வாறே நிகழ்ந்தது. நடப்பாரற்ற ஒழுங்கைகள் காடேறின. மீண்டு வந்தவர்கள் சில இடங்களிற் புதிய வழிகளை வெட்டிக்கொண்டனர்.

தாளின் இக்குறையைக் கைத்தொலைபேசி தீர்த்துவிடும் என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணத்தில் உண்மையும் உண்டு. வானிற் சுற்றும் செய்மதிகளிலிருந்து வரும் சைகைகளைக் கொண்டு அக்கருவி தன் இடத்தைக் கணிக்கின்றது. 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில், பொதுமக்களுக்கான சைகையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டுவந்த பிழையை ஐக்கிய அமெரிக்க அரசு நீக்கிய பின்னர் இக்கணிப்பின் செம்மை பெரிதும் உயர்ந்தது. திறந்த வெளியில், நல்ல வானத்தின் கீழ், இன்றைய கைத்தொலைபேசி ஐந்து மீற்றர் அளவுக்குள் இடத்தைச் சொல்லக்கூடியது. தொலைபேசிச் சைகை எட்டாத காட்டிலும் இது நடைபெறும்; செய்மதிச் சைகைக்குத் தொலைபேசிக் கோபுரம் வேண்டியதில்லை.

ஆனால் இங்கேதான் சோதனையின் அருமை புலப்படும். இடத்தைக் குறிக்கும் நீலப்புள்ளி திரையில் நிற்கும். அதன் பின்னணியாகிய படமோ, முன்கூட்டியே சேமித்து வைக்கப்படாவிடின், வந்து சேராது. வெறும் சாம்பல் நிறத்தின்மீது ஒரு நீலப்புள்ளி நின்று யாது பயன்? அடர்ந்த இலைக் கூரையின்கீழ்ச் சைகை சிதறுதலால் அப்புள்ளியும் அங்குமிங்கும் தாவும். உச்சி வெயிலில் திரை மங்கும். வியர்த்த விரலுக்கு அது இணங்காது. மின்கலம் தீர்ந்தபின் கருவி வெறும் கண்ணாடித் துண்டே. இவற்றுள் எதுவும் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ மின்விசிறியின்கீழ் அமர்ந்து சோதிப்பவனுக்குத் தென்படுவதில்லை.

இன்னுமொரு நுட்பமான குறையும் உண்டு. ஜப்பானில் இஷிகாவா என்னும் ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும், நகரத் தெருக்களில் நடப்பவர்களை மூன்று வகையாகப் பிரித்து ஆராய்ந்து 2008 இல் முடிவை வெளியிட்டனர். ஒரு வகையினர் செய்மதிவழிகாட்டும் கருவியைக் கொண்டனர்; ஒரு வகையினர் தாட்படத்தைக் கொண்டனர்; மற்றொரு வகையினர் முன்னர் ஒருமுறை வழிகாட்டப்பெற்றவர்கள். கருவியை நம்பியவர்கள் மற்றை இரு திறத்தாரிலும் அதிக தூரம் நடந்தனர்; அதிக தடவை நின்றனர். சிறிய திரை, பார்வைக்குச் சிறிய சாளரம். அதன் வழியே உலகைப் பார்ப்பவன் அடுத்த திருப்பத்தை அறிவானேயன்றி, நாட்டின் கிடக்கையை மனத்திற் கொள்வதில்லை. நகரில் இதனால் நேர்வது சிறிது காலதாமதம். காட்டில், கருவி ஓய்ந்த கணத்தில், வந்த வழியே திரும்பவும் அறியாதவனாய் அவன் நிற்பான்.

இரண்டையும் ஒருங்கே கொண்டு செல்லலாமே எனின், அங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய இலங்கைப் படங்கள் கண்டவளை என்னும் ஆதாரத் தானத்தை அடிப்படையாகக் கொண்டு கணிக்கப்பட்டவை. செய்மதிக் கணிப்பு உலகப் பொதுவான வேறோர் அடிப்படையைக் கொண்டது. பழைய தாளின் ஆள்கூறுகளை மாற்றமின்றிக் கருவியில் இட்டால், குறிக்கப்படும் இடம் நூற்றுக்கணக்கான மீற்றர் விலகக்கூடும். கிணற்றைத் தேடுபவனுக்கு அது சிறு பிழையன்று.

பெயர்களின் சிக்கல் இதனினும் பெரிது. வன்னியிலே குளத்தின் பெயரே ஊரின் பெயர். புளியங்குளம் என்ற பெயருடைய இடங்கள் ஒன்றல்ல, பல. தொலைபேசியில் அப்பெயரைத் தேடுபவன் தான் நினைத்த ஊர் எது என்று தெரிந்துகொள்ளக் கூடுதலான அடையாளம் வேண்டும். ஆங்கில எழுத்தில் அச்சிட்ட படத்திலோ ளகரத்துக்கும் லகரத்துக்கும் வேறுபாடு இல்லை. குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும். அப்பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து வழி கேட்கும் வெளியூரானை நோக்கி, அவ்வூர் முதியவர் "அப்படி ஓர் ஊர் இங்கே இல்லைத் தம்பி" என்று சொல்லிவிடக்கூடும். வழி கேட்கப் பயன்படாத பெயர் வழிநடைப் படத்திற் பாதிப் பெயரே. 2004 இல் தொடங்கிய ஓப்பின்ஸ்ட்ரீட்மேப் போன்ற, தன்னார்வலர் கூடி வரையும் படங்களில் ஓர் இடத்துக்கு மும்மொழிப் பெயர்களையும் பதிந்து வைக்கலாம். தமிழ்ப் பெயரைச் சரியாக அறிந்தவர் பதியாதவரை அவ்வசதியால் நன்மை விளையாது.

இனி, வன்னியில் மட்டும் எழும் மிகக் கொடிய கேள்விக்கு வருதல் வேண்டும். 2009 மே மாதத்தில் முடிவுற்ற போர், இந்நிலத்திற் பெருந்தொகையான மிதிவெடிகளை விட்டுச் சென்றது. பல்லாண்டு காலம் போர்முனையாக நின்ற முகமாலையில் வெடியகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நீண்டது. இலங்கை, மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசெம்பரில் இணைந்தது. அதன்படி துப்புரவு செய்து முடிக்கவேண்டிய எல்லை 2028 ஜூன் ஆகும். இத்தகைய நிலத்தில், "கால் வைக்கக்கூடாத இடம் எது?" என்று கேட்பவனுக்குப் படம் என்ன விடை தரும்?

கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. 1:50,000 அளவுத்திட்டத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 50 மீற்றர். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள எல்லைக்கோடு ஒன்று நிலத்தில் 25 மீற்றர் அகலத்தை மறைத்துக்கொள்ளும். கைத்தொலைபேசியோ நல்ல வேளையில் ஐந்து மீற்றரும், மரத்தின்கீழ் அதற்கு மேலும் பிழைபடும். மிதிவெடி மறைந்திருப்பது ஒரு காலடியின் அகலத்துக்குள். ஆகவே, தாளும் திரையும் ஆகிய இரண்டும் இக்கேள்விக்கு விடை தரும் தகுதி உடையனவல்ல. மண்டையோடு பொறித்த செந்நிறப் பலகையும், நடுகுறிகளும், அவ்விடத்து மக்களின் சொல்லுமே அங்குச் சான்று. படத்தில் வெறுமையாகக் கிடக்கும் வெள்ளையிடம் ஆபத்தில்லாத இடம் என்று பொருள்படாது. அங்கு ஒன்றும் அளக்கப்படவில்லை என்றும் பொருள்படலாம். முன்னர் எவரோ நடந்து பதிந்த தடம் ஒன்று திரையில் தெரிகின்றதென்றால், அவர் அன்று அவ்வழியாற் சென்றார் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. இன்றைய நடைக்கு உறுதிச்சீட்டு ஆகாது.

சோதனையின் உயிர்நிலை இங்கேயே இருக்கின்றது. படத்தைப் பயன்படுத்துவோன் அது சொல்லாததைச் சொல்லியதாகக் கொள்கின்றானா என்று கண்டறிதல் வேண்டும். பத்துப் பேரிடம் ஒரு படத்தைக் கொடுத்து, வெள்ளையிடத்தைக் காட்டி, "இங்கே நடக்கலாமா?" என்று வினவும்போது நால்வர் தயங்காது "ஆம்" என்றால், அப்படம் அச்சுக்குச் செல்லத் தகுதியற்றது. அதன் கோடுகள் அனைத்தும் சரியாயிருப்பினும் தகுதியற்றதே.

முறையான சோதனை எவ்வாறு அமையும்? முதலில், வெடியகற்றி ஒப்படைக்கப்பட்டு மக்கள் நாள்தோறும் நடமாடும் வழிகளையே தெரிவு செய்தல் வேண்டும். இடமறிந்த ஒருவர் கூடவே செல்லுதல் வேண்டும். அவ்வூரார் வழியை முன்னரே அறிந்தவர்களாதலின், அவர்களைக் கொண்டு படத்தின் வழிகாட்டுந் திறனை அளக்க இயலாது. அவர்கள் நடுவராக இருப்பதே தகும். தேனெடுக்கச் செல்பவரும் மாடு தேடிச் செல்பவரும் காட்டில் எவற்றை அடையாளமாகக் கொள்கின்றனர் என்று முதலிற் கேட்டறிந்து, அவை படத்தில் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்களும் இவ்வகையில் நல்லாசிரியர்கள். போர்க்காலத்தில் தடைப்பட்டுப் பின்னர் மீண்டும் தொடங்கிய அந்நடையில், எந்தக் கோயிலிற் கிணறு உண்டு, எந்த மரத்தடியிற் பொழுதைக் கழிக்கலாம் என்ற அறிவு, முன்னே நடப்பவரின் நினைவிலேயே வாழ்கின்றது.

அடுத்து, அவ்விடத்துக்குப் புதியவர்களான ஆறேழு பேர் போதும். பெருங்குறைகளுட் பலவற்றைச் சிலரே வெளிப்படுத்திவிடுவர் என்பது இத்துறையினர் கண்ட அனுபவம். அவர்களுட் பாதிப்பேர் முதல் வழியைத் தாளோடும் இரண்டாம் வழியைத் தொலைபேசியோடும் நடக்க, மற்றப் பாதிப்பேர் மாற்றி நடத்தல் வேண்டும். இல்லையெனின் முதல் நடையிற் கற்ற பாடம் இரண்டாம் நடைக்குப் பொய்யான பெருமையைத் தந்துவிடும். குளக்கட்டில் நிறுத்தி, "இப்போது நிற்கும் இடத்தைப் படத்திற் காட்டுக" என்பது முதற் கேள்வி. "ஆவணியில் நம்பத்தக்க நீர் எங்கே?" என்பது இரண்டாவது. "அடுத்த ஊரை எத்தனை மணிக்கு அடையலாம்?" என்பது மூன்றாவது. "மழை பெய்து பேராறு பெருகினால் எவ்வழியாகத் திரும்புவது?" என்பது நான்காவது. "எங்கே கால் வைக்கலாகாது?" என்பது இறுதி.

நடப்பவன் தன் எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடத்தல் வேண்டும். உடன் செல்பவர் விடை கூறவும் கூடாது. முகக்குறி காட்டவும் கூடாது. அவன் எத்தனை தடவை நின்றான், எத்தனை தடவை படத்தைச் சுழற்றினான், எந்தக் குறியீட்டின்மேல் விரலை வைத்து "இஃது என்ன?" என்றான் என்பனவற்றை அவர் எழுதிக்கொள்ளுவார். வழி தவறுதல் எவர்க்கும் இயல்பு. தவறியதை எவ்வளவு விரைவில் உணர்ந்தான் என்பதே படத்தின் தரத்தைக் காட்டும் சிறந்த அளவுகோல். ஐம்பது யாரில் உணர்த்தும் படம் நல்ல படம். ஐந்து கிலோமீற்றர் சென்றபின் உணர்த்தும் படம், எவ்வளவு அழகியதாயினும், தீய படம்.

இச்சோதனை ஆண்டில் இருமுறை நிகழ்தல் இன்றியமையாதது. சோளகக் காற்று வீசும் வறட்சிக் காலத்தில் ஒருமுறை. வாடைக்காற்றோடு மாரி மழை பொழிந்து குளங்கள் வான்பாயும் காலத்தில் ஒருமுறை. முதலாவது நடையிற் கால் நனையாது கடந்த ஓடை, இரண்டாவது நடையில் மார்பளவு நீரோடு வழிமறிக்கும்.

சோதனையின் முடிவு திருத்தமாகாவிடின் உழைப்பு வீண். திரைப்படத்தை ஒரே நாளில் திருத்தலாம். ஆனால் அத்திருத்தத்தைச் சரிபார்ப்பார் ஒருவர் வேண்டும். தாட்படம் அடுத்த பதிப்புவரை காத்திருத்தல் வேண்டும். ஆனால் அச்சேறுமுன் பலர் கண்பட்டுச் செல்லும் நன்மை அதற்கு உண்டு. மின்கலம் ஓய்ந்தபின்னும் அது மடியில் இருக்கும். ஆகையால் ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்ளுதல் அறிவுடைமையன்று. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புமாறு இரண்டையும் அமைத்தலே தக்கது.

முதலிற் கூறிய வழிப்போக்கனுக்கு வேண்டியிருந்ததும் பெரியதொரு திருத்தமன்று. குளத்தின் நீலத்தைச் சுற்றி முழுக்கோட்டுக்குப் பதிலாக முறிகோடு ஒன்றை இட்டு, ஆனி முதற் புரட்டாதி வரை நீர் வற்றும் என்று ஒரு வரி எழுதியிருந்தால், அவன் தன் குப்பியிலிருந்த நீரைச் சிக்கனமாகக் குடித்திருப்பான். அவ்வொரு வரி வேண்டும் என்பதை, வெயிலில் ஒருவன் அக்குளத்தங்கரைக்குச் சென்று நின்றபோதுதான் படம் வரைந்தோர் அறிய இயலும்.